ஆரியா என்றால் இறக்கு

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பது நீ இணையத்தில் எழுதி வைத்திருப்பதைப் படித்தாலே தெரிகிறது. ஊத்துக்கோட்டையிலிருந்து உன் தங்கை நசீமா அதையெல்லாம் பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். அவள் இந்த வீட்டுக்கு நேரில் வர மாட்டாள் என்று உனக்குத் தெரியும். ஏன் வர மாட்டாள் என்பதுதான் உனக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் போய் நின்று அதை வாங்கிக்கொண்டு வந்து, உன் வாப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சத்தமாகப் படித்தேன். அவரும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

கப்பல்காரர் பேச்சு என்று தலைப்பு வைத்து, வாப்பாவின் வாயிலிருந்து கேட்ட சொற்களையெல்லாம் அடுக்கியிருக்கிறாய். மாலுமி என்பது அரபியில் வாத்தியாரைக் குறிக்கும் முஅல்லிம்தான் என்கிறாய். சுக்கானும் அரபி. கப்பலின் மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரியான சாரங்கு, பாரசீகத்தில் படைத்தலைவன். லஸ்கர் என்றால் அந்தப் படை. ஆரியா என்றால் இறக்கு. பாய்மரத்திலிருந்து பாயை இறக்கும்போது போர்ச்சுக்கீசியர் கத்தியது. ஹபேஸ் என்றால் தூக்கு. அது எந்த நாட்டுச் சொல் என்று சரியாகத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, நம் பக்கத்தில் பர்ஸை அபேஸ் பண்ணிட்டான் என்கிறார்களே, அதுவும் இதிலிருந்து வந்திருக்குமோ என்று ஒரு யூகத்தையும் சேர்த்திருக்கிறாய். நன்றாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலும் நீ கட்டுரையில் கெட்டிக்காரன். கீழே யார் யாரோ அருமை, அருமை என்று எழுதியிருக்கிறார்கள். விட்டுப்போன அர்த்தங்களை உம்மாவிடம் கேட்டு எழுதுகிறேன் என்று அவர்களுக்கு வாக்கும் கொடுத்துவிட்டாய். சொல்கிறேன், கேட்டுக்கொள்.

அதற்கு முன்னால் இன்னொன்று. கவரைப்பேட்டைப் பெண்ணுக்கும் உனக்கும் நிக்காஹ் பேசி முடித்தாகிவிட்டது. போன வாரம் போனில் உன் திட்டத்தைச் சொன்னாய். நிக்காஹ் முடிந்ததும் நீ ஷார்ஜாவுக்குத் திரும்பிவிடுவாய், அவள் இங்கேயே இருந்து வாப்பாவைப் பார்த்துக்கொள்வாள், உம்மாவுக்கும் வயதாகிறது, ஒரு கை உதவியாக இருக்கும் என்றாய். எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறாய். நான் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்ததை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். அதற்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

முதலில் டோபாஸ். தொப்பி போட்ட கலப்பினச் சிப்பாய்களை ஒரு காலத்தில் அப்படிக் கூப்பிட்டார்கள் என்கிறாய். இரண்டு பாஷை பேசும் துபாஷிதான் அப்படித் திரிந்தது என்பவர்களும் உண்டு என்கிறாய். கடைசியில் எப்படியோ அந்தப் பெயர் கப்பலில் கக்கூஸ் கழுவுகிறவனிடம் வந்து ஒட்டிக்கொண்டதாம். காலத்தின் விளையாட்டு என்று முடித்திருக்கிறாய். காலம் விளையாடியதை நான் பார்த்ததில்லை. நான் பார்த்தது இது. எனக்கு நிக்காஹ் முடிந்து பழவேற்காட்டில் உன் வாப்பா வீட்டுக்குப் போன மறுநாள் காலை, அவருடைய கூட்டாளிகள் சிலர் கூடத்தில் நாஷ்டாவுக்கு உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று குழம்புக் கிண்ணத்தை நீட்டினேன். கிண்ணம் சாய்ந்து, குழம்பு பாயில் கொட்டிவிட்டது. உன் வாப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல், “டோபாஸ், வந்து தொடை” என்றார். எல்லோரும் கப்பலுக்குப் போனவர்கள், அர்த்தம் தெரிந்தவர்கள், சிரித்தார்கள். எனக்குத் தெரியாது. புதுப் பெண்டாட்டிக்கு ஏதோ செல்லப்பெயர் வைத்திருக்கிறார் என்று நினைத்து நானும் முக்காட்டுக்குள் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என் பெயர் அதுதான். அர்த்தம் தெரியாமல் எத்தனை நாள் ஓடி ஓடிப் போய் நின்றேன்.

அவரும் முதல் கப்பலில் டோபாஸாகத்தான் ஏறினாராம். சாரங்கு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையாம். மற்றவர்கள் சாப்பிடும் இடத்தில் அவர் தட்டை வைக்க விட மாட்டார்களாம். இதை அவர் என்னிடம் மனம்விட்டுச் சொன்னார் என்று நினைத்துவிடாதே. ஒரு நாள் நான் வாய்திறந்து, எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறதே என்று கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார். “நான் பட்டேன். நீ பட்டா இன்னா கொறஞ்சா பூடுவ?” என்று கேட்டார். இதுவும் உனக்கு ஒரு நல்ல பதிவாக வரும், எழுதிக்கொள். நெகிழ்ந்துபோனேன் என்று நாலு பேர் எழுதுவார்கள். நான் நெகிழவில்லை. அவரைப் படுத்தியவர்களில் நான் ஒருத்தியாக இருந்திருந்தால் என்னைப் படுத்தியதில் ஒரு நியாயமாவது இருந்திருக்கும்.

அடுத்தது பஸ். போதும், நிறுத்து என்று அர்த்தம். அதைப் பற்றி நீ எழுதியிருப்பதை இரண்டு தடவை படித்தேன். தங்கைக்குச் சின்ன வயதிலேயே வாப்பா கயிறு பிடிக்கக் கற்றுக்கொடுத்தார், அவர் பஸ் என்று சொல்லும்வரை அவள் விடவே மாட்டாள் என்று எழுதியிருக்கிறாய். நசீமா அந்தப் பக்கத்தை மட்டும் நாலாக மடித்து அனுப்பியிருந்தாள். நடந்ததை நான் சொல்கிறேன். அவள் கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது கயிறு நழுவி வாளி உள்ளே விழுந்துவிட்டது. அவ்வளவுதான் குற்றம். உன் வாப்பா பூவரச மரத்துக் கிளையில் கயிற்றைப் போட்டு, ஒரு முனையில் அம்மிக் குழவியைக் கட்டித் தொங்கவிட்டு, மறுமுனையை அவள் கையில் கொடுத்தார். குழவிக்கு நேர் கீழே அவள் காலை வைத்து நிற்கச் சொன்னார். பிறகு தொழுகைக்குப் போனார், தொழுகை முடிந்து டீக்கடைக்குப் போனார், அங்கே பேச்சு சுவாரசியத்தில் உட்கார்ந்துவிட்டார். உச்சி வெயில். நான் போய் அவளோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். விட்டுடு புள்ள, நான் பாத்துக்கறேன் என்றேன். அவள் விடவில்லை. “வாப்பா பஸ் சொல்லல உம்மா” என்றாள். திரும்பி வந்த மனிதர் கயிற்றில் நாலு கை இருப்பதைப் பார்த்தார். இரண்டு பேர் பிடித்தால் செல்லாது என்று சொல்லி, என்னை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார். இன்றைக்கும் மாவு பிசையும்போது அவளுக்கு வலது கை விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. நீ அன்றைக்குக் கூடத்தில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

கடலை விட்டுக் கரைக்கு வந்தபின் அவர் மாறிவிட்டார் என்று உன் எண்ணம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு மில் வந்து, அங்கே கிரேனில் பாரம் ஏற்றி இறக்க ஆள் தேடியபோது உன் வாப்பாவைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள், நாமும் பழவேற்காட்டை விட்டு இங்கே குடிவந்தோம். கப்பலில் பழகிய அதே வார்த்தைகள்தான் அங்கேயும். பீகார்க்காரன், தெலுங்குக்காரன், நம் ஊர்க்காரன் எல்லோரும் ஆரியாவுக்கும் ஹபேஸுக்கும்தான் அசைவார்கள். நம் தெருவிலேயே இருக்கிற ஏழுமலைதான் அங்கே கிரேன் ஓட்டுகிறவர். அவர் என்னிடம் பெருமையாகச் சொல்வார். “பாயி கொரல் குடுத்தா போதும் பாயம்மா. கீழ குனிஞ்சி பாக்கவே மாட்டேன், லிவர இழுத்துக்கினே இருப்பேன்” என்பார். அங்கே அப்படி ஒரு சட்டம். பாரம் அசையும்போது ஒருவர்தான் குரல் கொடுக்க வேண்டும், மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும், மேலே இருப்பவன் கண்ணை நம்பாமல் அந்தக் குரலை நம்ப வேண்டும். மில்லில் அது உயிரைக் காப்பாற்றும் சட்டம், அதை நான் மறுக்கவில்லை. அவர் குரல் கொடுத்து அங்கே ஒருவன் விரல்கூட நசுங்கியதில்லை. அதே சட்டத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். அவர் குரல் கேட்டால் நாங்கள் வாயை மூடினோம். யார் மேல் என்ன இறங்குகிறது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. நசீமாவைப் பதினேழு வயதில், ஏற்கெனவே ஒருத்தியைத் தலாக் சொன்னவனுக்குக் கட்டிக்கொடுத்ததும் அப்படித்தான் நடந்தது. ஜமாஅத்தில் அவர் ஒரு வார்த்தை சொன்னார், காரியம் முடிந்துவிட்டது.

பிறகு பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. இப்படி ஆவது உண்டு, வாய் அதிகம் பழகிய சொல் மிஞ்சி நிற்கும் என்று மெட்ராஸ் டாக்டர் சொன்னார். சிலருக்கு அல்லாஹ்வின் பெயர் மிஞ்சுமாம், சிலருக்குப் பிள்ளைகளின் பெயர். உன் வாப்பாவுக்கு மிஞ்சியது ஆரியா. தண்ணீர் வேண்டுமென்றாலும் ஆரியா, பசித்தாலும் ஆரியா, படுக்கையை நனைத்துவிட்டாலும் ஆரியா. நீ போனில் அதைக் கேட்டு அழுதாய். கடல் இன்னும் வாப்பாவின் நாக்கில் இருக்கிறது என்று உடனே ஒரு பதிவும் போட்டாய். பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்திருந்தால் வேறு என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

அவரைத் தூக்க என் உடம்பில் தெம்பு இல்லை. ஏழுமலைதான் எங்கிருந்தோ ஒரு பழைய செயின் பிளாக்கை, சங்கிலியை விட்டாலும் பாரம் இறங்காமல் நிற்கும் கப்பியை, கொண்டுவந்து, மேலே இரும்புப் பைப்பில் மாட்டிக் கொடுத்தார். தார்ப்பாலினில் ஒரு தூளி மாதிரி தைத்து, அதில் அவரை உருட்டி வைத்து, சங்கிலியை இழுத்தால் மேலே வருவார், பிறகு நாற்காலியில் இறக்கலாம். நான் ஹபேஸ் என்று சொல்லி இழுப்பேன், ஆரியா என்று சொல்லி இறக்குவேன். நீ லீவில் வந்தபோது இதைப் பார்த்து, உம்மா, ஏன் இப்படி மிரட்டுகிற குரலில் சொல்கிறாய் என்று கேட்டாய். எனக்கு அந்த வார்த்தைகளை வேறு குரலில் சொல்லத் தெரியாது. அப்படித்தான் எனக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது.

நீ போன பிறகு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நாள் மத்தியானம் அவரைத் தூளியில் மேலே தூக்கினேன். நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவில், இடுப்பு உயரத்தில் தொங்கினார். எனக்குச் சட்டென்று டீ குடிக்க வேண்டும் போலிருந்தது. சங்கிலியை அப்படியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாலைக் காய்ச்சினேன். அவர் ஆரியா என்றார். பக்கவாதம் வந்ததிலிருந்து அந்த வார்த்தை சரியான அர்த்தத்தில் வந்தது அன்றைக்குத்தான். இறக்கு, இறக்கு என்று ஒரு மனிதர் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆயுள் முழுக்க அந்த வார்த்தைக்கு ஓடியவள் நான். அன்றைக்கு ஓடவில்லை. டம்ளரில் ஊற்றி, ஆற்றி, கடைசிச் சொட்டு வரை உட்கார்ந்து குடித்தேன். மகனே, அவ்வளவு ருசியான டீயை நான் குடித்ததே இல்லை. அதற்கு வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், இல்லை. ஆனால் பயப்படுகிறேன். அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை அதே ஆசை வந்தது. இன்னொரு தரம் டீ போடப் போனால் திரும்பி வருவேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

இந்த வீட்டுக்குத்தான் நீ ஒரு பெண்ணைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறாய். இருபத்தோரு வயது, நம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு வந்து போகிறவள். அவளும் முதலில் பரிதாபப்பட்டுத் தூக்குவாள். பிறகு அவளும் என் குரலில் பேசுவாள். அப்புறம் ஒரு நாள் அவளுக்கும் டீ குடிக்கத் தோன்றும்.

அதனால் புதன்கிழமை ஏழுமலையின் சம்சாரத்தை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, ரயில் ஏறிக் கவரைப்பேட்டைக்குப் போனேன். அவள் வாப்பா வியாபாரத்துக்குப் போயிருந்தார், உம்மா சமையலில் இருந்தார். அந்தப் பெண்ணிடம் தனியாக, இங்கே எழுதியதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். டோபாஸ், குழவிக்கல், டீ, எல்லாம். முடித்ததும் அவள் கேட்டது உன் வாப்பாவைப் பற்றி அல்ல. “அவரும் இப்டிதான் பேசுவாரா மாமி?” என்று உன்னைப் பற்றிக் கேட்டாள். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன பக்ரீதுக்கு நீ போன் செய்தபோது, “இன்னா டோபாஸ், சவுக்கியமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாயே, அதைச் சொன்னேன். நீ பாசத்தில்தான் சொன்னாய், அதையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் தாவணி முனையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிக்காஹ் நின்றது என்றுதான் நான் நினைத்தேன்.

அவள் நிறுத்தவில்லை. நிதானமாகச் சொன்னாள். “அவரு வரட்டும் மாமி. மூணு மாசம் அவரு வாப்பாவ அவரே தூக்கட்டும், எறக்கட்டும், பீ மூத்தரம் வாரட்டும். நீங்க கூட இருக்காதீங்க. எங்க கம்பெனி பஸ் உங்க தெரு மொனையிலதான் நிக்குது. ஷிப்ட் முடிஞ்சி போறப்ப உங்க வூட்டு ஜன்னலாண்ட நின்னுக்கினு கேப்பேன். கை வலிச்சி, கோவம் வர்றப்ப அவரு வாயில இன்னா வருதோ, அத வெச்சி நான் முடிவு பண்ணிக்கறேன்” என்றாள். எந்த வார்த்தை எந்த நாட்டிலிருந்து வந்தது என்று நீ ஆராய்ச்சி செய்கிறாய். அது உன் வாயிலிருந்து யார் மேல் வருகிறது என்று அவள் பார்க்கப்போகிறாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல் இருந்தது. அழுதேன்.

வீட்டுக்கு வந்து உன் வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகன் வருகிறான், நான் போகிறேன் என்றேன். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், எல்லாம் புரியும். அவருக்கு இருக்கிற ஒரே வார்த்தையைக்கூடச் சொல்லவில்லை. நல்ல கையால் என் புடவையைப் பிடித்துக்கொண்டார். விரல் விரலாகப் பிரித்து எடுத்தேன்.

இதைத் தபாலில் போட்டால் ஷார்ஜா வந்து சேர நாளாகும். நசீமா இதைத் தட்டச்சு செய்து உன் வலைப்பூவிலேயே, அருமை அருமை என்று எழுதியிருக்கிறார்களே, அவர்களுக்குக் கீழே போட்டுவிடுவாள். வலிக்கிற விரல்களால்தான் அடிப்பாள், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். எல்லோரும் படிக்கப்போகிறார்கள், அந்தப் பெண்ணின் பெயரை நான் எழுதாததும் அதனால்தான். உன் வாசகர்களுக்கு நீ கொடுத்த வாக்கை நான் நிறைவேற்றிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நான் பழவேற்காட்டுக்கு, என் அக்கா வீட்டுக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை வரை ஏழுமலை லீவு போட்டுக் கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை காலை அவருக்கு ஷிப்ட் இருக்கிறது, அவருடைய சம்சாரமும் அன்றைக்கு அம்மா வீட்டுக்குப் போகிறாள். அதற்குப் பிறகு வாப்பாவைத் தவிர வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். கதவைப் பூட்ட வேண்டாம், சாத்தி மட்டும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் உம்மா